உருளைக்கிழங்கு மூட்டையும் இரண்டு கரண்ட் வண்டிகளும்

பிள்ளைகளே, உங்கள் வகுப்பில் ஒரு பையன் சிங்கப்பூர் போய்வந்த கதையைச் சொன்னானாம். அப்பா எந்த வெளிநாட்டுக்கும் போனதில்லையா என்று கேட்டீர்கள். போயிருக்கிறேன். கர்நாடகத்துக்கு. சிரிக்காதீர்கள். அங்கே பாஷை வேறு, பஸ்ஸின் நிறம் வேறு, சாம்பாரில் வெல்லம். எல்லாவற்றையும்விட முக்கியம், இங்கே இல்லாத கரண்ட் அன்றைக்கு அங்கே இருந்தது. அதைத் தேடித்தான் போனேன்.

நீங்கள் இரண்டு பேரும் அரையாண்டு விடுமுறைக்கு நாகரசம்பட்டியில் பெரிய மாமா வீட்டில் இருந்தபோது நடந்தது இது. அதனால்தான் உங்களுக்குத் தெரியாது.

ஓசூரிலிருந்து தளி போகிற ரோட்டில் ஒரு ரோஜாப் பண்ணையில் அம்மாவுக்கு வேலை கிடைத்திருந்தது. பறித்த பூக்களைத் தண்டின் நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டுகிற ஷெட்டுக்கு சூப்பர்வைசர். காலை ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குப் போய்ச் சேரும் பஸ் கிடையாது. திங்கட்கிழமை காலை வர முடிந்தால் வாருங்கள், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பெட்ரோல் வண்டி ஓட்டலாமென்றால் லைசென்ஸ் வேண்டும். அம்மா இரண்டு முறை எட்டுப் போடப் போய், இரண்டு முறையும் நடுவில் காலை ஊன்றிவிட்டாள்.

அப்போதுதான் கரண்டில் ஓடும் ஸ்கூட்டர்கள் புதிதாக வந்திருந்தன. மெதுவாகப் போவதால் லைசென்ஸ் வேண்டாம். ஒரு கடையில் சிவப்பு வண்டி, இன்னொரு கடையில் நீல வண்டி. இரண்டு கடைக்காரர்களும் ஒரே மாதிரி, "அறுபது கிலோமீட்டர் ஓடும் சார்" என்றார்கள். இரண்டு பேரும் சனி, ஞாயிறு ஓட்டிப் பார்க்க ஒவ்வொரு வண்டி கொடுத்தார்கள். எதை வாங்குவது என்று ஞாயிறு சாயந்திரத்துக்குள் நான் முடிவு சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அம்மா நடுரோட்டில் நிற்பாள், வேலை போகும்.

உங்களுக்குத் தெரியும், நான் கம்பெனியில் தர சோதனைப் பிரிவில் இருக்கிறேன். பத்தாவதும் ஐ.டி.ஐ.யும்தான் படிப்பு என்றாலும், ஒரு பொருளைச் சோதிக்கிற முறை தெரியும். இரண்டு பொருளை ஒப்பிடும்போது மற்ற எல்லாம் சமமாக இருக்க வேண்டும். பண்ணைக்குப் போய்வர முப்பத்தாறு கிலோமீட்டர். ஒரே சார்ஜில் போய்த் திரும்ப வேண்டும். வேலை பார்க்கிற இடத்தில் சார்ஜ் போட முடியாது என்பது ஓசூரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எங்கள் கம்பெனியில் ஒருவன் செல்போனைச் சார்ஜ் போட்டதற்கு மெமோ வாங்கினான். கம்பெனிக் கரண்டைத் திருடினான் என்று அதில் எழுதியிருந்தது. அதோடு, எதையும் தேவைக்கு மேலேயே சோதிப்பது எங்கள் வழக்கம். ஆகவே பண்ணையைத் தாண்டித் தளி வரை போய்த் திரும்புவது என்று திட்டம் போட்டேன்.

இன்னொரு வண்டியை ஓட்ட உங்கள் சின்ன மாமா கோவிந்தன் வந்தான். இங்கேதான் முதல் சிக்கல். நான் கனமான ஆள். அவன் சட்டையை மாட்டிய ஹேங்கர். இந்த எடை வித்தியாசத்தோடு ஓட்டினால் சோதனையே செல்லாது. சனிக்கிழமை காலை இரண்டு பேரும் பக்கத்து மாவு மில் தராசில் ஏறினோம். குறைந்த எடைக்கு உழவர் சந்தையிலிருந்து உருளைக்கிழங்கு வாங்கிவந்து மூட்டை கட்டினேன்.

"ஏன் மாமா, நானும் இந்த மூட்டையும் சேந்தாத்தான் ஒரு ஆளா?" என்று கோவிந்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"கோவப்படாத மாப்ள. இது விஞ்ஞானம்."

அம்மா மில் வாசலுக்கு வந்தாள். "ஏங்க, ஒண்ணு சொல்லணும். அந்தப் பண்ணையில..."

"குறுக்க பேசாத செல்வி, எடை தப்பிரும்" என்றேன். முள் சரியாக நடுவில் நிற்கப்போகிற நேரம். அம்மா என்னையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கிளம்பினோம். எனக்குச் சிவப்பு, கோவிந்தனுக்கும் மூட்டைக்கும் நீலம். மார்கழிக் குளிர். என் ஊரான கோவில்பட்டிப் பக்கம் ஸ்வெட்டர் போட்டவனைப் பார்த்தால் காய்ச்சலா என்று கேட்பார்கள். இங்கே டீக்கடை நாய்கூடச் சாக்குக்குள் படுத்திருந்தது.

கரண்ட் வண்டியைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அதற்குச் சத்தம் கிடையாது. ரோட்டில் நடந்து போனவர்கள் நாங்கள் முதுகுக்குப் பின்னால் வந்த பிறகுதான் துள்ளிக் குதித்தார்கள். ஒரு அம்மாள் தெலுங்கில் எங்கள் வம்சத்தையே திட்டினார். கோவிந்தனுக்குத் தெலுங்கும் கன்னடமும் நன்றாகத் தெரியும். "என்னடா சொல்றாங்க?" என்றேன். "பாத்துப் போகச் சொல்றாங்க மாமா" என்றான். அவ்வளவு நேரம் பேசியதற்கு இவ்வளவுதானா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இரண்டாவது, வேகம். முழுசாக முறுக்கினால் இருபத்தைந்து. பின்னால் பால் கேன் கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் எங்களுக்குப் பக்கத்திலேயே மிதித்துக்கொண்டு வந்தார்.

"என்னா சார் வண்டி இது? சத்தமே காணோம். ஆஃப் பண்ணிட்டு உருட்டுறீங்களா?"

"ஓடுதுங்க. கரண்டு வண்டி."

"ஓ. மூட்டையில என்னா?"

"உருளைக்கிழங்கு."

"தளிக்கா?" அவர் மிதிப்பதையே ஒரு நொடி நிறுத்திவிட்டார். "தளிக்கு உருளைக்கிழங்கு கொண்டுபோற மொத ஆளு நீங்கதான் சார். ரெண்டு வண்டியில எது நல்ல வண்டி?"

"சோதனை நடந்துக்கிட்டு இருக்கு. திங்கக்கிழமைதான் சொல்ல முடியும்."

"அப்ப திங்கக்கெழம பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, எழுந்து நின்று நாலு மிதி மிதித்து எங்களைத் தாண்டிப் போய்விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. கோவிந்தன் அவரைப் பிடிக்கிறேன் என்று முறுக்கினான். ஏற்கனவே முழுசாக முறுக்கித்தான் இருந்தது.

பாதி வழியில் ஒரு டீக்கடையில் ஆளை மாற்றினோம். ஓட்டுகிறவனால் வரும் வித்தியாசமும் இருக்கக் கூடாதல்லவா? நான் நீலத்துக்கு வந்தேன், கோவிந்தன் சிவப்புக்கு. மூட்டை கோவிந்தனோடு போக வேண்டும் என்பது விதி. டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். "மூட்டையை அதுலயே விட்டுட்டு நீங்க மட்டும் மாறினா வேல மிச்சம்தானே?" என்று கேட்டார். அதெப்படி முடியும் என்று விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ரெண்டு டீக்கு காசு குடுத்துட்டீங்களா?" என்றார்.

மேட்டில் சிவப்பு வண்டி ஏறியது. நீலம் மூச்சு வாங்கியது. மனதுக்குள் குறித்துக்கொண்டேன். பண்ணையைத் தாண்டும்போது கண்ணாடி மாதிரி மினுக்கும் பிளாஸ்டிக் குடில்களைக் கோவிந்தனுக்குக் கைகாட்டினேன். "அக்கா இங்கதான் உத்தியோகம் பாக்கப் போறா" என்று அவன் ஹாரன் அடித்தான். நேரமாகிறது என்று நான் நிற்க விடவில்லை. அந்த நேரத்தில் நின்றிருந்தால் இந்தக் கதைக்கே வேலையிருந்திருக்காது.

தளி போய்ச் சேர்ந்தபோது நீலத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. சிவப்பிலும் ஒரே ஒரு கோடுதான் மிச்சம். அறுபது கிலோமீட்டர் என்றவர்கள் யாரை ஏற்றி ஓட்டிப் பார்த்தார்களோ! சரி, சாப்பிட்டு முடிப்பதற்குள் சார்ஜ் போடலாம் என்று ஒரு ஓட்டலில் கேட்டால், கரண்ட் காலையிலேயே போய்விட்டதாம். எப்போது வரும் என்று கேட்டேன். முதலாளி என்னை அனுதாபத்தோடு பார்த்தார். "நீங்க ஊருக்குப் புதுசா?"

அதற்குள் மூட்டையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. கிழங்கு விளைகிற ஊருக்கு ஒருவன் கிழங்கோடு வந்திருக்கிறான் என்றால் பார்க்க மாட்டார்களா? ஒரு விவசாயி மூட்டையைப் பிரித்து ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்க தோட்டத்து மால்தான். என்ன கொறையின்னு திருப்பிக் கொண்டாந்தீங்க?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். குறை ஒன்றுமில்லை, மச்சான் ஒல்லியாக இருப்பதால் கொண்டுவந்தேன் என்றேன். அவர் கோவிந்தனை மேலும் கீழும் பார்த்தார். "அப்பிடின்னா வேகவெச்சுக் குடுங்க. பச்சையா ஏன் தூக்கிக்கினு திரியறீங்க?"

எல்லைக்கு அந்தப் பக்கம் கரண்ட் இருப்பதாக அவர்தான் சொன்னார். கொஞ்ச தூரம்தான். நீலத்தைத் தள்ளிக்கொண்டும் சிவப்பை மெதுவாக ஓட்டிக்கொண்டும் நாங்கள் வெளிநாட்டுக்குள் நுழைந்தோம். ஒரு பலகை, ஒரு வளைவு, அவ்வளவுதான். யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. ஆனால் முதல் வீட்டிலேயே டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

அந்த வீட்டுக்காரர் பெயர் கௌரம்மா. கணவர் சந்தைக்குப் போயிருந்தார். கோவிந்தன் கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னான். அவர் வெகுநேரம் ஏதோ கேட்டார்.

"என்ன சொல்றாங்க மாப்ள?"

"வண்டிக்கு முன்னாடி நாம சாப்ட்டோமான்னு கேக்கறாங்க."

இந்த முறை அவன் சரியாகத்தான் சொல்லியிருந்தான். கேழ்வரகுக் களி உருண்டையும் பிதுக்கிய அவரைப் பருப்புக் குழம்பும் வந்தன. களியை நான் ஊரில் கம்புக்கூழ் சாப்பிடுவது மாதிரிப் பிசைந்தேன். கௌரம்மா தலையில் அடித்துக்கொண்டார். களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து முழுங்க வேண்டுமாம், மெல்லக் கூடாதாம். முதல் கவளம் தொண்டையில் நின்றது. இரண்டாவது தானாகப் போனது. அதன் பிறகு எண்ணவில்லை. எனக்கும் கோவிந்தனுக்கும் இருந்த எடை வித்தியாசம் அன்று இன்னும் கூடியிருக்கும்.

இரண்டு வண்டியையும் பிளக்கில் சொருகியதும் டிவியில் படம் நாலு பக்கமும் சுருங்கியது. கதாநாயகன் குள்ளமாகிவிட்டான். கௌரம்மா எழுந்து வந்து ஒரு பிளக்கைப் பிடுங்கிவிட்டார். "படம் முடியட்டும். அதுவரைக்கும் ஒண்ணுதான்" என்றாராம். எந்த ஒன்று? ஒன்றுக்கு மட்டும் சார்ஜ் ஏறினால் சோதனை என்னாவது? நான் அரைமணிக்கு ஒருமுறை பிளக்கை மாற்றி மாற்றிச் சொருகினேன். கௌரம்மா கோவிந்தனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"என்னவாம்?"

"ரெட்டப் புள்ளைக்குப் பால் குடுக்கற மாதிரி இருக்குதாம் மாமா."

படம் முடிந்தது. அதே நேரம் கரண்டும் போனது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், விளக்குகள் எரிவது வாசலில் நின்றால் தெரிந்தது. கோவிந்தன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரவு அங்கேயே தங்கினோம். பக்கத்து வீட்டில் போன் இருந்தது. அம்மாவிடம் பேசினேன். "நல்லா நடக்குது. எல்லாம் சமமா போய்க்கிட்டு இருக்கு" என்றேன். "நான் ஒண்ணு சொல்..." என்று அம்மா ஆரம்பித்தபோது போன் கட்டாகிவிட்டது.

ஞாயிறு காலை கிளம்பும்போது கௌரம்மா சும்மா விடவில்லை. மூட்டை இருந்த சிவப்பு வண்டியில் நாலு முட்டைக்கோஸை ஏற்றிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கன்னடம் தெரியாது. கோவிந்தன் சொல்லவே இல்லை. எடை தப்பிவிட்டது. முட்டைக்கோஸ் ஏறிய அளவுக்கு உருளைக்கிழங்கை இறக்கு என்றேன். இறக்கினோம். கிழங்கு விற்று ஜீவிக்கிற அந்த வீட்டின் வாசலில் எங்கள் கிழங்குகள் குவிந்து கிடந்ததையும், கௌரம்மா இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்து நின்றதையும் நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அரைகுறைச் சார்ஜ், குளிர், மேடு. தளியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நீலம் நின்றுவிட்டது. கோவிந்தன் சிவப்பை ஓட்டியபடி நீலத்தின் பின்பக்கம் காலைக் கொடுத்துத் தள்ளினான். நான் நீலத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தேன். சரியாக ரோஜாப் பண்ணையின் கேட் வந்தபோது சிவப்பும் நின்றது.

என் மனநிலையைச் சொல்கிறேன் கேளுங்கள். இரண்டு வண்டியும் தோற்றுவிட்டன. அம்மாவிடம் வேலை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதைவிட மோசம், அம்மா நாளை வேலைக்குச் சேர வேண்டிய கேட்டின் முன்னால், இரண்டு செத்த வண்டியோடும் முட்டைக்கோஸோடும் நிற்கிறேன். யாராவது பார்த்து, இந்தக் குடும்பமே வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

வாட்ச்மேன் வெளியே வந்தார். வேப்பனப்பள்ளிக்காரர். தெலுங்கு வாடையோடு தமிழ் பேசினார். "ஏமி சார், வண்டி ரிப்பேரா?"

"சார்ஜ் இல்லீங்க. தள்ளிக்கிட்டே போயிருவோம்."

"எதுக்கு தள்றீங்க? உள்ள வந்து போட்டுக்கோங்க."

நான் இரண்டு அடி பின்னால் போனேன். "இல்லீங்க. உங்களுக்கு மெமோ குடுத்துருவாங்க."

"மெமோவா? எதுக்கு?"

"கம்பெனிக் கரண்டாச்சே."

அவர் என்னையே பார்த்தார். பிறகு உள்ளே கைகாட்டினார். "அதோ பாருங்க, குளிர் ரூமு. பறிச்ச பூவு எல்லாம் அதுலதான் இருக்குது. கரண்டு போனா ஜெனரேட்டர் தானா எழுந்துக்கும். அது நின்னா ரோஜா வாடும், ரோஜா வாடினா எங்க மொதலாளி வாடுவாரு. பகல் பூரா ஓடுது. பக்கத்துல பிளக்கு காலியா இருக்குது. உங்க ரெண்டு வண்டி குடிச்சா என்னா கொறஞ்சிடப் போவுது? இங்க வேல செய்யறவங்க வண்டிக்கெல்லாம் போட்டுக்கலாம்னு மேனேஜரே சொல்லிட்டாரு. ஓசூர்லருந்து ஒரு அம்மா வேலைக்குப் பேச வந்தாங்க. சம்பளத்துக்கு முன்னாடி அதைத்தான் கேட்டாங்க, சார்ஜ் போட எடம் இருக்குதானு."

கோவிந்தன் என்னைப் பார்த்தான். நான் முட்டைக்கோஸைப் பார்த்தேன்.

போக மட்டும் சார்ஜ் இருந்தால் போதும். பதினெட்டு கிலோமீட்டர். எந்த வண்டியும் போகும். இரண்டு நாளாக நான் சோதித்தது, யாருக்கும் தேவைப்படாத ஒரு தூரத்தை.

சாயந்திரம் வீடு வந்து சேர்ந்தோம். "ஏன் செல்வி, மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றேன்.

"சொல்ல வந்தேன். எடை தப்பிரும்னீங்க" என்றாள் அம்மா. முட்டைக்கோஸை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, "பாதி உருளைக்கிழங்கு எங்க?" என்று கேட்டாள். கோவிந்தன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முடிவைச் சொன்னேன். மேடு ஏறுவதிலும் தூரம் ஓடுவதிலும் சிவப்புதான் மேல். அம்மா கேட்டுக்கொண்டே முதலில் சிவப்பில் ஏறி உட்கார்ந்தாள். பிறகு நீலத்தில் உட்கார்ந்தாள். இரண்டு காலையும் கீழே வைத்துப் பார்த்தாள். முழுப் பாதமும் தரையில் படிந்தது.

"எனக்கு நீலம்" என்றாள்.

"அது தோத்த வண்டி."

"இருக்கட்டும். இதுல நான் தைரியமா காலை ஊனலாம். இங்க எட்டுப் போடச் சொல்ல ஆளில்ல." நாகரசம்பட்டியில் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போனவள்தானே. அன்று இருட்டுவதற்குள் தெருவை ஆறேழு முறை சுற்றி வந்துவிட்டாள். ஒருமுறைகூடக் கால் ஊன்றவில்லை.

இரவு வீட்டிலிருந்த ஒரே பிளக் நீலத்துக்குப் போனது.

திங்கட்கிழமை. கரண்ட் வண்டிக்குச் சத்தம் கிடையாது என்று சொன்னேன் அல்லவா? நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் அம்மா கிளம்பிவிட்டாள். போனதே தெரியவில்லை. அடுக்களை மேடையில் டிபன் பாக்ஸ் மட்டும் இருந்தது. முதல் நாளே பட்டினியா என்று, கடைக்கு இன்னும் திருப்பிக் கொடுக்காத சிவப்பை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன். எனக்கு அன்று இரண்டாவது ஷிப்ட்.

ஊர் எல்லையிலேயே அம்மாவின் பச்சை ஸ்வெட்டர் தெரிந்தது. முழுசாக முறுக்கினேன். அவளும் முழுசாக முறுக்கியிருந்தாள் போல. இருபத்தைந்தில் போகிற ஒருத்தியை இருபத்தைந்தில் போகிற ஒருவன் பிடிக்க முடியாது. இதை எந்தக் கடைக்காரரும் சொல்லவில்லை. சமதரையில் அதே இடைவெளி. மேடு வந்தால் கனமில்லாத அம்மாவைத் தூக்கிக்கொண்டு நீலம் ஏறிப் போனது. என் சிவப்பு மூச்சு வாங்கியது. "செல்வி! சாப்பாடு!" என்று கத்தினேன். நடந்து போனவர்கள் எல்லாரும் திரும்பினார்கள், அம்மாவைத் தவிர.

பண்ணைக்குள் நான் நுழைந்தபோது அவள் வண்டியைக் குளிர் ரூம் ஓரம் நிறுத்திப் பிளக்கைச் சொருகிக்கொண்டிருந்தாள். மணி ஆறரை ஆகவில்லை. மேனேஜர் பக்கத்தில் நின்று ஷெட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். டிபன் பாக்ஸை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். என் வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நானும் கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அம்மா மேனேஜரைப் பார்த்தாள். பிறகு என்னை. "இங்க வேல செய்றவங்களுக்குத்தாங்க" என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குள் போய்விட்டாள். வாட்ச்மேன் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். சூப்பர்வைசராக அம்மா போட்ட முதல் உத்தரவு அதுதான்.

பாதி வழியில் சிவப்பு நின்றது. தள்ளினேன். பின்னால் மணிச்சத்தம். அதே பால்காரர், காலிக் கேன்களோடு.

"என்னா சார், திங்கக்கெழம வந்துடுச்சே. எது நல்ல வண்டி?"

மூச்சு வாங்க நின்றேன். சொல்லத்தான் வேண்டும், வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

"எங்க வீட்டம்மா ஓட்டுறது" என்றேன்.